சோற்றுக்கும் வாதத்துக்கும் நடுவே ஒரு மூச்சு

அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ரசீதுப் புத்தகத்தின் ஓரத்தில் கிழித்த கால் பக்கத் தாள். நடுவில் நீல மையில் ஒரே ஒரு எண். யார் பார்த்தாலும் எட்டு என்றுதான் சொல்வார்கள். காலையில் ஆட்டோ எத்தனை மணிக்கு வேண்டும் என்று நான் கையால் ஜாடை காட்டிக் கேட்டேன். வங்கதேசத்திலிருந்து வந்து எங்கள் லாட்ஜில் தங்கியிருந்த அந்த மனிதர் பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தார். எட்டு மணிக்கு ஆட்டோ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஏழரைக்கு லாட்ஜுக்கு வந்தபோது அவரும் அவருடைய அம்மாவும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஆஸ்பத்திரி ஃபைல், பக்கத்தில் ஃபிளாஸ்க், கயிறு கட்டிய இரண்டு பை. விடிவதற்கு முன்பிருந்தே காத்திருக்கிறார்கள். காட்பாடியில் அவர்கள் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது. வங்காள எழுத்தில் நாலு என்ற எண் நம் எட்டு மாதிரியே இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஏழு, நம் ஒன்பது மாதிரி இருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை. அந்த அம்மா மட்டும் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அப்போது நான் மூன்று வருடமாக ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சித்தப்பாவின் லாட்ஜ் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. இன்று கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் இரண்டு மூன்று நாள் பயணம் செய்து வருகிறார்கள். வேலூர் அவர்கள் வாயில் ‘பேலோர்’. லாட்ஜ் என்று பேரே தவிர, வருகிறவர்கள் வாரக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறார்கள். அடுப்பும் பாத்திரமும் வாடகைக்கு எடுத்து அறையிலேயே சமைக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் மாடிப்படி முழுக்கக் கடுகெண்ணெய் வாசனைதான். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது, ரசீது போடுவது, வெளிநாட்டவர் வந்தால் பாஸ்போர்ட்டையும் விசாவையும் பார்த்து 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்துக்கான படிவத்தை நிரப்பி அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. முன்னால் நின்று பேசும் வேலை சித்தப்பாவுடையது. அப்படி ஏற்பாடு செய்துகொண்டதே நான்தான்.

சின்ன வயதிலிருந்தே எனக்குப் பேச்சு வராது. வராது என்பதுகூடச் சரியில்லை. பேசினால் களைத்துப் போவேன். ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தால் இரண்டு நாள் யாரும் என்னைக் கூப்பிடாமல் இருந்தால் தேவலை என்று இருக்கும். “வாயில இன்னா கொழுக்கட்டையா வச்சிருக்க?” என்று ஆயா கேட்பார். மனிதர்களைப் பிடிக்காமல் இல்லை. எனக்கு அவர்களைத் தள்ளி நின்று கேட்கப் பிடிக்கும். கார்ல் யுங் 1921இல் எழுதிய புத்தகத்தில் மனிதர்களை உள்முகம், வெளிமுகம் என்று பிரித்தார். அந்த விளக்கத்தைக் கல்லூரி நூலகத்தில் படித்தபோது, எனக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இது ஒரு சுபாவம்தான் என்று முதல்முறையாகப் பட்டது.

இப்படிப்பட்ட எனக்கு மொழிகள் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆயா சித்தூர்ப் பக்கம், வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார். சித்தூரே 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்ததுதானே. கறிக்கடை பாய் தன் மகனிடம் உருது பேசுவார். சும்மா நின்றாலே மூன்று மொழி காதில் விழுகிற ஊர் இது. பேசாத பிள்ளைக்குக் கேட்பதற்கு நேரம் நிறைய இருந்தது.

ஜெர்மனுக்கு வந்தது ஒரு தோழியால். அவள் நர்ஸ், ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக வகுப்பில் சேர்ந்தாள். துணைக்கு நானும் சேர்ந்தேன். முதல் நாளே எழுந்து நின்று பெயர், ஊர், பிடித்தது, பிடிக்காதது எல்லாம் சொல்ல வேண்டும். அப்புறம் தினமும் இரண்டிரண்டு பேராக நின்று, ஒருவர் கடைக்காரர், ஒருவர் வாங்க வந்தவர். எனக்கு வாக்கியம் தெரியும். மனதுக்குள் முழுதாக இருக்கும். வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் தப்போடு ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவார், எல்லோரும் கை தட்டுவார்கள். “எழுதறது முக்கியமில்லம்மா, வாயத் தொறக்கணும்” என்று சொல்லிக்கொடுப்பவர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆறு வாரத்தில் நின்றுவிட்டேன்.

மொழியை நிறுத்தவில்லை, வகுப்பை நிறுத்தினேன். ஆம்பூரிலிருந்து வாங்கி வந்த செருப்பு அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. அதை ஐந்து அறையாகத் தடுத்துக்கொண்டேன். லைட்னர் என்ற ஜெர்மானிய எழுத்தாளர் 1972இல் எழுதிய புத்தகத்தால் பரவிய முறை இது. துண்டு அட்டையில் ஒருபக்கம் ஜெர்மன், மறுபக்கம் தமிழ். எல்லா அட்டையும் முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் அறைக்கே வந்துவிடும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் அறைகளைப் பல நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மறக்கப் போகிற நேரத்தில் நினைவுபடுத்துவதுதான் இதன் சூட்சுமம்.

அந்த இரவுகளைப் போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. மொட்டை மாடியில் பாய், பக்கத்தில் பெட்டி, அகராதி. யாரும் கேள்வி கேட்கவில்லை, யாரும் அவசரப்படுத்தவில்லை. ‘வைல்’ என்று தொடங்கிக் காரணம் சொன்னால் ஜெர்மனில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். ‘வைல் இஷ் ம்யூட பின்.’ நான் களைப்பாக இருக்கிறேன் என்பதில் ‘இருக்கிறேன்’ நிற்கும் அதே இடம். வகுப்பில் எல்லோரும் அடித்துக்கொண்ட விதி, தமிழாகப் பார்த்தால் நம் வீட்டு வாசல். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. தெரிந்ததே போதுமாக இருந்தது. ஜெர்மனில் முதல் நிலையான ஏ1 தேர்வைச் சென்னையில் எழுதினேன். பேச்சுத் தேர்வு, முன்பின் தெரியாத மூன்று பேரோடு ஒரே மேசையில். என் முறை வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. படிப்பதும் கேட்பதும் எழுதுவதும் என்னைக் கரையேற்றின.

அதற்கு மேலும் படித்தேன். அப்போதுதான் அந்த நாலு மணி, எட்டு மணி ஆனது.

யாருமே எதிரில் இல்லாத மொழியை மூன்று வருடம் ஆசையாகப் படித்தவள், மேசைக்கு முன்னால் தினமும் நிற்கிறவர்களின் மொழியில் ஒரு எண்ணைக்கூடப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்று இரவு ஜெர்மன் அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி எடுத்து வைத்தேன். முதல் அறையில் பத்து வங்காள எண்கள்.

எழுத்துகளைப் பலகைகளே சொல்லிக்கொடுத்தன. எங்கள் சந்தில் மட்டும் வங்காளப் பலகைகள் இருபதுக்குக் குறையாது. மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை, பாத்திர வாடகை, ரயில் டிக்கெட். துணி காயப்போட்ட மாதிரி மேலே ஒரு கோடு, அதில் எழுத்துகள் தொங்கும். பக்கத்திலேயே தமிழிலும் எழுதியிருப்பதால் எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் படிக்க வந்துவிட்டது. பேச்சு அப்படி வரவில்லை. ஆறு மாதம் ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் இதை மௌன காலம் என்கிறார். குழந்தைகளும் புது ஊருக்கு வந்தவர்களும் வாய் திறப்பதற்கு முன்னால் நெடுநாள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அது வெறும் சும்மா இருத்தல் அல்ல என்பது அவர் வாதம். பேசிப் பேசித்தான் மொழி வரும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் எல்லோரும் இந்த ஒன்றையாவது யோசித்துப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி, கேட்டுக் கேட்டு.

கேட்கக் கேட்க என்னென்ன கிடைத்தது! மேற்கு வங்கத்துக்காரர்கள் பெரும்பாலும் தண்ணீரை ‘ஜொல்’ என்பார்கள், வங்கதேசத்தவர் ‘பானி’. குளியல் மேற்கு வங்கத்தில் ‘ஸ்நான்’, வங்கதேசத்தில் ‘கோசோல்’. ஒருவர் என்னை ‘தீதி’ என்கிறாரா, ‘ஆபா’ என்கிறாரா என்பதை வைத்தே எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகிக்கலாம், பாஸ்போர்ட்டைப் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு தண்ணீரையும் அவர்கள் குடிப்பதில்லை, ‘சாப்பிடுகிறார்கள்’. ஒருநாள் மாடிப்படியில் ஒரு பெண், “சா-டா காபேன்?” என்று கேட்டார். சா என்றால் டீ. டா என்பதற்கு அர்த்தம் இல்லை. ‘டீ கீ சாப்பிடறீங்களா’ என்பதில் வரும் கீதான் அது! அன்றைக்குக் கணக்கில் இரண்டு இடத்தில் கூட்டல் தப்பு. மனது அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. ‘கேயே தேகுன்’ என்றால் சாப்பிட்டுப் பாருங்கள். சாப்பிட்டு, பாருங்கள், இரண்டு வினையும் நம் வரிசையிலேயே. ‘கோரே ஃபேலேசி’ என்றால் செய்துவிட்டேன். ஃபேலா என்பதற்குத் தனியாக வீசிப்போடு என்று பொருள். நாமும் ‘செஞ்சு போட்டேன்’ என்கிறோமே. ‘ஆஷ்பே போலே கேசே’ என்று ஒருவர் தம்பியைப் பற்றிச் சொன்னார். வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். காய்ச்சலுக்கு அவர்கள் சொல்லும் ‘ஜோர்’ நம் ஜுரம். ‘தின் ஜோன்’ மூன்று பேர். அவன் வந்தாலும் அவள் வந்தாலும் வினை ஒன்றுதான். இந்தி படிக்கும்போது நாற்காலி பெண்ணா மேசை ஆணா என்று பட்ட பாடு இங்கே கிடையாது. ஆரியக் குடும்பத்து மொழிதான், ஆனாலும் ஏதோ ஒரு காலத்தில் நம்மோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருக்கிறது.

கஷ்டம் மூச்சில் வந்தது. அவர்களுக்கு க, ப வரிசைகளில் மூச்சு கலந்த ஒலிகள் தனியாக உண்டு. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுதான். சோற்றுக்கு ‘பாத்’. அதே பாத்தை மூச்சில்லாமல் சொன்னால் வாத நோய், நம் வாதம்தான் அது. சித்தி, பெரியம்மாவுக்கு, அதாவது அம்மாவின் சகோதரிகளுக்கு, வங்கதேச முஸ்லிம் வீடுகளில் ‘காலா’. மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும். விடாவிட்டால் காது கேளாதவர் என்று பொருள் வரும். ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் ஒரு பெரியம்மாவைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டால்? இந்த பயமே என் வாயை இன்னும் கொஞ்ச நாள் கட்டிப்போட்டது.

நோட்டில் தமிழில் எழுதி, மூச்சு வர வேண்டிய எழுத்தின் தலையில் சின்ன வட்டம் போட்டுக்கொண்டேன். பயிற்சிக்கு ரசீதுத் தாளில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, மூக்கு நுனியில் ஒட்டி உதட்டுக்கு முன்னால் தொங்க விடுவேன். காலா. தாள் அசையவில்லை. காலா. அசையவில்லை. வயிற்றிலிருந்து கொஞ்சம் காற்றைத் தள்ளி, காலா. தாள் நுனி மேலே எழுந்து விழும். அந்த ஒரு அசைவுக்காக ஒரு வாரம் உட்கார்ந்தேன்.

வாக்கியங்களுக்குக் கோட்டை அகழி ஓரம். சாயங்காலம் அகழியைச் சுற்றி நடக்கிறவர்களில் பாதிப் பேர் போனில் பேசிக்கொண்டு போவார்கள். நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் யாரும் இல்லாமலே வங்காளத்தில் பேசிக்கொண்டு நடப்பேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அறை காலியாக இருக்கிறது, வாடகை இவ்வளவு, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு, அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது. தப்பு வந்தால் முதலிலிருந்து. கூச்சமுள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றை மட்டும் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

முதலில் வாய் திறந்தது ஒரு மதியம். சித்தப்பா சாப்பிடப் போயிருந்தார். வங்கதேசத்தின் குல்னாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். மகன் கணவரோடு ஆஸ்பத்திரியில். நான் எழுந்து போய், “காலா, பானி காபேன்?” என்றேன். தாள் இல்லை, ஆனாலும் அசைந்திருக்கும். அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பேசத் தொடங்கினார். கணவரின் இருதயம், விற்ற நிலம், பேத்தியின் பள்ளிக்கூடம், எல்லைச் சோதனைச் சாவடியில் காத்திருந்தது. மூன்றில் ஒரு பங்குதான் எனக்குப் புரிந்திருக்கும். நான் சொன்னது மூன்றே சொற்கள். ‘ஜி’ என்றேன். ‘ஆச்சா’ என்றேன். அவர் நிறுத்தும்போதெல்லாம் ‘தார்பொர்?’ என்றேன். அப்புறம்? தார்பொர்? அரை மணி நேரம் போய்விட்டது. எழுந்தபோது அவர் கண் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் களைப்பே இல்லை. அதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது.

வகுப்பில் என்னை யாரும் கேட்கச் சொல்லவே இல்லை. கேட்பதற்கும் மதிப்பெண் உண்டுதான், ஆனால் அது ஒலிப்பதிவைக் கேட்டு டிக் போடுவது. எதிரில் இருக்கிற மனிதரைக் கேட்பதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பேசாத பிள்ளைகளை எழுப்பி நிறுத்திப் பேச வைப்பதற்குப் பதில், முதலில் எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம், பிறகு ஒரே ஒருவரோடு பேச்சு, அப்புறம் வேண்டுமானால் கூட்டம் என்று வைத்தால் என்ன? என் மாதிரி நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். போன் வந்தால் இன்றும் நெஞ்சு படபடக்கும். முகம் தெரியாது, உதடு தெரியாது, சிட்டகாங் பக்கத்துப் பேச்சு என்றால் பாதி வங்காளிகளுக்கே புரியாது. எட்டுப் பேர் ஒன்றாக வந்து ஒரே நேரத்தில் பேசினால் சித்தப்பாவைக் கூப்பிடுகிறேன். டாக்டரிடம் கூட வந்து சொல்லித் தரும்படி சிலர் கெஞ்சியிருக்கிறார்கள், போகவில்லை. மருந்து விஷயத்தில் அரைகுறை மொழி ஆபத்து. நாலை எட்டாகப் படித்தவள் நான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்த மொழியிலும் பேச முடியாத நாட்கள் உண்டு. ‘திமிர் பிடிச்ச பொண்ணு’ என்று தமிழிலும் வங்காளத்திலும் கேட்டிருக்கிறேன். இப்போது இரண்டும் புரிகிறது.

ஒரு பிப்ரவரி 21 அன்று, டாக்காவிலிருந்து வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் காலையிலேயே குளித்து, வெள்ளை ஜிப்பாவில் கறுப்புத் துண்டு குத்திக்கொண்டு மொட்டை மாடியில் தனியாக நின்றிருந்தார். 1952இல் அதே நாளில் வங்காளத்தை அரசு மொழியாகக் கேட்ட மாணவர்களை டாக்காவில் சுட்டார்கள். அந்த நாளைத்தான் யுனெஸ்கோ 1999இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. எங்களுக்கும் ஜனவரி 25 இருக்கிறது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். மொழிக்காக உயிர் விட்டவர்கள் எங்களிடமும் உண்டு என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கோட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

குல்னா பெரியம்மாவுக்கு வருகிறேன். ஐந்து வாரம் தங்கினார்கள். கணவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் மகன் ஆட்டோவுக்காகச் சீட்டு கொடுத்தார். அதே எண். இந்த முறை நான் அதை நாலாகப் படித்தேன். படித்துவிட்டு, விரலை மடக்கி ‘சார்?’, அதாவது நாலா, என்று கேட்டும் உறுதி செய்துகொண்டேன்.

ஆட்டோ அண்ணன் சொன்ன நேரத்துக்கு வருவாரா என்று தூக்கம் வராமல், மூன்றரைக்கு நானே எழுந்து வந்துவிட்டேன். சந்தில் நாய்கள் தவிர யாரும் இல்லை. எங்கள் தொழிலில் விருந்தாளியை வழியனுப்பும்போது ‘மறுபடியும் வாங்க’ என்று சொல்லும் வழக்கம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை எப்படி அப்படிச் சொல்வது? சித்தப்பா வெறுமனே கும்பிடுவார். நானும் அப்படித்தான் நின்றேன். போகிறேன் என்பதற்கு ‘ஜாய்’ என்று எனக்குத் தெரியும், அவர் அதைத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பெரியம்மா என் கன்னத்தைத் தொட்டு, “ஆஷி” என்றார்.

ஆஷி என்றால் வருகிறேன். யார் வருகிறது, எங்கே வருகிறது என்று ஒரு கணம் குழம்பினேன். வண்டி போய்க்கொண்டு இருக்கும்போதே பின்னால் நின்று ‘போய்ட்டு வரேன்னு சொல்லுடி, போறேன்னு சொல்லாதே’ என்று ஆயா கத்துவது காதில் விழுந்த மாதிரி இருந்தது. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எந்த அட்டையிலும் நான் எழுதி வைக்கவில்லை. தானாக வந்தது.

“ஆஷுன், காலா.” வாங்க.

ஆட்டோ மெயின் ரோட்டில் திரும்பும் வரை நின்றுவிட்டு உள்ளே போய் விளக்கைப் போட்டேன்.